பக்தியும் பந்தியும்
தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்களில் தனிவிசுவாசமும் சபையின் புத்துயிர்ப்பும்: ஒரு மதிப்பீடு

“விசுவாசம் அவரவர் சொந்தக் காரியம்” என்னும் கூற்று நம் சபைகளில் இந்நாட்களில் அடிக்கடி காதில் விழுகிறது. மதுரை நகரத்துப் படித்த கிறிஸ்தவர் இதனைச் சொல்லும்போது, தம்முடைய ஜெபத்திலும் வேதவாசிப்பிலும் ஆயரோ சேகரக் கமிட்டியோ தலையிட வேண்டாம் என்று பொருள் கொள்கின்றார். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களின் சிற்றூர்களில் வயற்கூலி செய்து பிழைக்கும் ஒருவர் இதையே சொல்லும்போது பொருள் வேறாகின்றது. ‘நான் யாரை வணங்குகிறேன் என்பதைச் சான்றிதழில் எழுத வேண்டாம்’ என்பது அவர் கருத்து. ஒரே வாக்கியம் ஓரிடத்தில் வசதியினின்றும் மற்றோரிடத்தில் அச்சத்தினின்றும் பிறக்கின்றது. இவ்விருவரும் ஒரே சபையின் பதிவேட்டில் இடம்பெற்றவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

விசுவாசத்தின் புத்துயிர்ப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தனிமனிதனின் உள்ளத்திலிருந்து தொடங்குகின்றனர். வேறு சிலர் சமுதாய விடுதலையிலிருந்து தொடங்குகின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரை ஒருவர் ஐயத்தோடு நோக்குவதை நம் நாட்டு இறையியல் கல்லூரிகளிலும் கன்வென்ஷன் பந்தல்களிலும் காண்கிறோம். இவ்வழக்கைத் தத்துவ அளவில் தீர்க்க நாம் இங்கே முற்படவில்லை. தமிழ்ச் சபை தன் விசுவாசத்தைப் பாட்டில் வைத்துக் காத்து வந்த சபையாகும். ஆகவே, அப்பாடல்களில் சிலவற்றையும் அவற்றை இயற்றியோரின் வாழ்வையும் எடுத்துக்கொண்டு, தனிப்பட்ட பக்தி எப்பொழுது சபையைப் புதுப்பிக்கின்றது, எப்பொழுது புதுப்பிக்கத் தவறுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நான், நாங்கள், நாம்

தமிழ்மொழி இறையியலாருக்கு ஒரு நற்கருவியைத் தந்துள்ளது. எபிரெயம், கிரேக்கம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான் உண்டு. தமிழிலோ ‘நாங்கள்’ என்றும் ‘நாம்’ என்றும் இரண்டு உண்டு. கேட்பவரைப் புறத்தே நிறுத்துவது முன்னது. அவரையும் உள்ளே அழைத்துக்கொள்வது பின்னது. வேதாகமத்தைத் தமிழாக்கியோர் மூலத்தில் இல்லாத இவ்வேறுபாட்டை இடத்துக்கு இடம் தாமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் சந்தித்த இப்பிரச்சினையைச் சபையும் நாள்தோறும் சந்திக்கின்றது.

விசுவாச அறிக்கைகளிலும் இது காணப்படுகிறது. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் ஞானஸ்நானத்தில் கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடையாக வளர்ந்தது. ஆகவே அது ஒருமையில் உள்ளது. ஒருவனுக்காக மற்றொருவன் தண்ணீரில் இறங்க இயலாது. கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் தம் அறிக்கையைப் பன்மையில் அமைத்தனர். திருச்சபை இரண்டையும் கைவிடவில்லை. சங்கீதங்களிலும் இதுவே முறை. 22-ஆம் சங்கீதம் கைவிடப்பட்ட ஒரு தனிமனிதனின் ஓலமாகத் தொடங்குகின்றது. அதே சங்கீதம் 22-ஆம் வசனத்தில் சபையின் நடுவே வந்து நிற்கின்றது. 26-ஆம் வசனத்திலோ எளியவர்கள் உண்டு திருப்தியடைகின்றனர். தனிமனிதனின் கண்ணீர் பலருடைய பந்தியில் சென்று முடிகின்றது. நம் ஆண்டவர் சிலுவையில் இச்சங்கீதத்தையே எடுத்தாண்டார் என்பதை நினைக்குங்கால், இவ்வரிசை தற்செயலானது என்று கொள்வதற்கில்லை.

‘நான்’ என்பது தனிவிசுவாசத்தின் சொல். ‘நாம்’ என்பது நற்செய்தி உண்டாக்கும் சமுதாயத்தின் சொல். ஜெபத்தில் கடவுளை முன்னிலைப்படுத்திப் பேசுவதால் இலக்கணம் ‘நாங்கள்’ என்றே சொல்லச் செய்கின்றது. கர்த்தருடைய ஜெபத்திலும் ‘எங்கள்’ என்றே சொல்லுகிறோம். இதில் குற்றமில்லை. ஆனால் அந்த ‘எங்கள்’ என்னும் வட்டத்துக்குள் எந்தத் தெருவார் உளர், எந்தத் தெருவார் இலர் என்னும் வினா எழுந்தே தீரும். இவ்வினாவைக் கையிற்கொண்டு மூன்று பாவலர்களை அணுகுவோம்.

2. தஞ்சைப் பாவலரின் பக்தி

வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தமிழ்ச் சுவிசேஷ சபையின் தலையாய பாவலர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. திருநெல்வேலிச் சீமையிற் பிறந்து, தஞ்சையில் சுவார்ச்சு ஐயரின் ஆதரவில் வளர்ந்து, சரபோஜி மன்னரின் மதிப்பைப் பெற்றவர் அவர். குறவஞ்சி முதலிய நாட்டு இலக்கிய வடிவங்களைக் கிறிஸ்துவின் புகழுக்கு உரிமையாக்கியதும், கீர்த்தனையைச் சபையின் நாவில் நிலைபெறச் செய்ததும் அவர் பணியாகும். ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தின் உள்ளுணர்வு, 1706-இல் சீகன்பால்கு ஐயரோடு தரங்கம்பாடியில் இறங்கியது. அது தமிழ்ப் பண்ணோடு கலந்து கனிந்தது சாஸ்திரியாரிடத்தில்தான் என்று கூறலாம். பாவ உணர்வு, நன்றி, ஆண்டவர்மேல் கொண்ட உருக்கம் ஆகியவற்றை அவரைப்போல் எளிமையும் இசையும் பொருந்தப் பாடினோர் அரியர்.

அப்படிப்பட்டவரே 1829-ஆம் ஆண்டளவில், தேவாலயத்தில் சாதி வேறுபாடின்றி அமரவும் திருவிருந்தில் கலந்து பங்குபெறவும் வேண்டும் என்று புதிய மிஷனரிமார் வற்புறுத்தியபோது, அதனை மறுத்து எழுதினார். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதியை ஒழிக்கக் கட்டளையிட்டபோது தஞ்சைச் சபையில் பெரும் பிளவு உண்டாயிற்று. சாஸ்திரியார் எதிர்த்தோர் பக்கம் நின்றார். சாதி உலக ஒழுங்கைச் சார்ந்தது, அது விசுவாசத்தைத் தொடுவதில்லை என்பது அத்தரப்பின் வாதமாகும்.

இதனால் அவர் பக்தி பொய்யென்று ஆகுமோ? ஆகாது. அவ்வாறு தீர்ப்புக் கூறுவது எளிது. ஆனால் உண்மைக்குப் பொருந்தாது. அவர் பக்தி மெய்யானது என்பதே நம்மைக் கலங்கவைக்க வேண்டும். ஒருவன் கிறிஸ்துவை மெய்யாகவே நேசித்து, மெய்யாகவே அழுது பாடி, அதேவேளையில் தன் சகோதரனைப் பாயின் மறுபுறத்தில் அமரச் செய்ய முடியும். பக்தி தானாகவே பந்தியை உண்டாக்கிவிடும் என்று நம்புவோர் இவ்வரலாற்றுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

மதுரைக்கு வருவோம். 1834-இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன், 1847-இல் சாதியைப் பற்றி ஒரு கண்டிப்பான தீர்மானம் இயற்றிற்று. சாதியை முற்றும் விட்டொழித்தல் உண்மைப் பக்திக்கு இன்றியமையாத அடையாளம் என்பது அதன் சாரம். எச்சாதிக் கிறிஸ்தவரோடும் அமர்ந்து உண்பது அதற்குச் சோதனையாக வைக்கப்பட்டது. ஆக, பக்திக்குப் பந்தியே உரைகல் என்று இம்மண்ணில் அன்றே கூறப்பட்டுவிட்டது. அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர்தாம் 1853-இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றினார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் சிறப்பிடம் பெற்றன. சாதியை மறுத்த மிஷன், சாதியைக் காத்த பாவலரின் பாடல்களைத் தன் சபையாருக்குக் கொடுத்தது. அது சரியான செயல் என்றே நாம் கருதுகிறோம். பாட்டு அதை இயற்றியவரைவிட அகலமாக இருக்கக்கூடும். அவர் உடன் அமர மறுத்தோரின் பேரப்பிள்ளைகள் அவர் பாட்டைப் பாடிக் கண்ணீர் விடுகின்றனர். பாடல் அவர்களுக்கும் உரியதாயிற்று.

எனினும் மிஷனின் வழியிலும் குறை உண்டு. கட்டளைக்கு அஞ்சி உண்ணும் உணவு விருந்தாகாது. சோதித்தோரும் சோதிக்கப்பட்டோரும் ஊதியத்திலும் அதிகாரத்திலும் சமமாயிருக்கவில்லை. உள்ளம் மாறாத பந்தி வெறும் தேர்வாக முடிந்தது. தேர்வு முடிந்ததும் பலர் தத்தம் தெருவுக்குத் திரும்பினர். பந்தியற்ற பக்தி எத்துணைக் குறைவுடையதோ, பக்தியற்ற பந்தியும் அத்துணைக் குறைவுடையதே.

3. யாத்திரிகனின் தனிமை

கிறிஸ்தவக் கம்பர் எனப் போற்றப்படும் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) வைணவக் குடியில் வளர்ந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் நூலாக வெளிவந்தது. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட நூலைத் தழுவி எழுந்ததாயினும், அதன் உயிர்மூச்சு கம்பனிடத்தும் ஆழ்வார்களிடத்தும் பயின்ற ஒருவருடையது. மதம் மாறியவர் தம் பழைய பக்தியின் மொழியை எரித்துவிட வேண்டியதில்லை, அதை ஆண்டவரின் பாதத்தில் வைக்கலாம் என்று அவர் காட்டினார். பின்னாளில் ஏ. ஜே. அப்பாசாமி அத்தியட்சர் (1891–1975) 1927-இல் வெளியிட்ட நூலில் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கியபோது, அதற்குரிய தமிழ் நிலம் ஏற்கெனவே உழப்பட்டிருந்தது.

காவியத்தின் தலைவன் தனியே புறப்படுகின்றான். வீட்டாரும் ஊராரும் பின்னே நிற்க, அழிவின் நகரத்தை விட்டு ஓடுகின்றான். தனிவிசுவாசத்தின் மாட்சி இதில் விளங்குகின்றது. குலமும் குடும்பமும் ஒருவன் யாரென்று முன்னரே தீர்மானித்துவிடும் சமுதாயத்தில், ‘நான் தேடுகிறேன், நான் போகிறேன்’ என்று ஒருவன் சொல்வது சிறிய காரியமன்று. கிருஷ்ணபிள்ளையின் வாழ்விலும் அது சிறிய காரியமாக இருக்கவில்லை.

ஆயினும் பனியன் தம் நூலை அவ்வளவில் நிறுத்தவில்லை. ஆறாண்டுகள் கழித்து, 1684-இல், இரண்டாம் பாகம் வெளியிட்டார். அதில் முன்பு பின்னிடப்பட்ட மனைவியும் பிள்ளைகளும் அயலகத்துப் பெண்ணும் புறப்படுகின்றனர். வழியில் ஊன்றுகோல் கொண்டு நடப்போரும் மனத்திடன் குன்றியோரும் சேர்ந்துகொள்கின்றனர். கூட்டம் அவர்களுடைய நடைக்கேற்பத் தன் நடையை மெதுவாக்கிக்கொள்கின்றது. தமிழ்க் காவியத்துக்கு அடிப்படையானது முதற்பாகமே. நம் சபைகளின் பக்தியும் ஏறக்குறைய முதற்பாகத்தோடு நின்றுவிட்டது என்று நாம் அஞ்சுகிறோம். தனியே ஓடி மோட்சவாசலை அடைபவனை நாம் நன்கறிவோம். மெலிந்தோருக்காக மெதுவாய் நடக்கும் கூட்டத்தை அறியோம்.

இவ்விடத்தில் மதுரைச் சமவெளியின் வரலாறு நமக்கு வேறொரு பாடம் கற்பிக்கின்றது. இச்சிற்றூர்களில் பலர் தனித்தனியாக வரவில்லை; குடும்பமாகவும் தெருவாகவும் வந்தனர். தனிமனிதனின் மனமாற்றத்தையே அளவுகோலாகக் கொண்ட மிஷனரிமார் சிலர் இதனை ஐயுற்றனர். பஞ்சத்துக்கு வந்தவர்கள் என்றனர். 1933-இல் வெளிவந்த தம் ஆய்வில் வாஸ்காம் பிக்கெட், வந்த நோக்கத்தைக் காட்டிலும் வந்தபின் கிடைத்த போதனையும் மேய்ப்புப் பணியுமே அவர்கள் விசுவாசத்தை உருவாக்கின என்பதை வலியுறுத்தினார். அதுவரை யாரும் கருத்துக் கேளாத ஒரு கூலிப்பெண்ணிடம், ஞானஸ்நானத் தொட்டியருகே, ‘நீ விசுவாசிக்கிறாயா?’ என்று அவள் பெயரைச் சொல்லிக் கேட்டதுண்டே, அது எத்தகைய கேள்வி! கூட்டமாய் வந்தவளுக்கு அங்கே ‘நான்’ என்னும் சொல் பரிசாகக் கிடைத்தது. ஆகவே ஒடுக்கப்பட்டோரின் சபையில் தனிவிசுவாசம் மேட்டுக்குடியின் ஆடம்பரம் என்று கூறுவோர் அப்பெண்ணிடமிருந்து ஒரு செல்வத்தைப் பறிக்கின்றனர்.

4. ஒரே உலை

மூன்றாமவர் நம் காலத்தவர். ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005), ‘பறட்டை’ என்னும் பெயரால் தமிழகமெங்கும் அறியப்பட்டவர். 1969-இல் நிறுவப்பட்ட அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். நாட்டார் வழக்காறுகளைச் சமுதாய மாற்றத்துக்குக் கருவியாகக் கொள்வது பற்றி 1986-இல் ஒரு நூல் எழுதினார். அதனினும் சிறந்த பணி அவர் அமைத்த கிராமிய இசை வழிபாடாகும். கருநாடக இசையும் மேனாட்டுக் கீதமும் படித்தவர் கைப்பட்டுப்போயின என்று கண்டு, வயலிலும் களத்திலும் புழங்கும் மெட்டுகளையும், பறையையும், பேச்சுத் தமிழையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். கடவுளைத் தந்தை என்று மட்டும் சொல்லாமல், தாய்க்கும் தந்தைக்கும் பொதுவாய்ப் ‘பெற்றவர்’ என்னும் பொருள்பட அழைத்தார். பாடலைக் கற்ற சபை தன் நிலைக்கேற்ப அதை மாற்றிப் பாடுவதையும் வரவேற்றார். ஜோயி ஷெரினியன் 2014-இல் வெளியிட்ட நூலின் வாயிலாக இப்பணி கடல்கடந்தும் அறியப்பட்டுள்ளது.

அவர் சிந்தனையின் நடுவிலிருப்பது ‘ஒரே உலை’ என்னும் கருத்தாகும். நம் கிராமங்களில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்தார்கள் என்பதற்கு அடையாளம் தனித்தனி உலை வைப்பதே. ஆகவே ஒரே உலையில் பொங்கி உண்போர் ஒரே குடும்பத்தார். கிறிஸ்துவின் திருவிருந்து இவ்வுலையே என்றால், அதில் பங்குபெறுவோரிடையே சாதி இருக்க முடியாது. பசித்தவனும் இருக்க முடியாது. பவுலடியார் கொரிந்து சபையாரை எதற்காகக் கடிந்துகொண்டார் என்பதை (1 கொரி. 11:17–34) இதைவிட நேரடியாக ஒரு தமிழ் உழவனுக்கு விளக்கிவிட முடியாது என்று துணிந்து கூறலாம். அந்தியோகியாவில் பேதுரு பந்தியைவிட்டு விலகியபோது பவுல் அதை ஒரு பழக்கவழக்கத் தவறாகக் கொள்ளாமல், நற்செய்தியின் உண்மைக்கே முரணானதாகக் கண்டார் (கலா. 2:11–14). இக்கண்டனத்தைத் தமிழிசையில் பாடிய முதல்வர் என அப்பாவு அவர்களைக் கருதலாம்.

போற்றுதல் இவ்வளவாக, குறைகளையும் கூறவேண்டும். முதலாவது, கல்லூரி வளாகத்திலும் கருத்தரங்குகளிலும் ஆர்வத்தோடு பாடப்படும் இப்பாடல்கள் சிற்றூர்ச் சபைகளில் அதே வரவேற்பைப் பெறுவதில்லை. இழவுக்கும் ஊர்ச்சாற்றுதலுக்கும் கட்டாயத்தின் பேரில் பறையடித்த முதியவர், ‘அதை விட்டொழிக்கத்தானே கோயிலுக்கு வந்தோம்’ என்கின்றார். பறை விடுதலையின் குரலாக மாற வேண்டும் என்பது நியாயமே. ஆனால் அதை அடித்தவனின் புண் ஆறுமுன் அதை விழாப் பொருளாக்குவது நியாயமன்று. இரண்டாவது, படித்தவர்கள் ஆண்டுக்கொருமுறை கிராமிய வழிபாடு நடத்திவிட்டு, மறு ஞாயிறு பழைய வரிசையிலேயே அமர்வார்களாயின், ஒரே உலை மேடைக்காட்சியாகிவிடுகின்றது. இவ்விரு குறைகளும் பாடியவரைச் சேர்ந்தனவல்ல, நம்மைச் சேர்ந்தவை.

மூன்றாம் குறை சற்று ஆழமானது. மரணப் படுக்கையில் கிடப்பவரைச் சந்திக்கச் செல்லும் ஆயர் எவரும் இதை அறிவர். அங்கே ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தவரும் பழைய கீர்த்தனையையே பாடச் சொல்லுகின்றார். ‘நான்’ என்றும் ‘என் ஆண்டவர்’ என்றும் சொல்லும் பாட்டைக் கேட்கின்றார். சாகும் வேளையில் ஒவ்வொருவரும் தனியே செல்லவேண்டியுள்ளது. சமுதாய விடுதலையின் பாடல் அந்த அறைக்குள்ளும் வரவேண்டுமாயின், தனிமனிதனின் அச்சத்தையும் குற்றவுணர்வையும் அது தன் மொழியில் ஏற்கவேண்டும். உலை பொதுவாயினும் பசி அவரவர் வயிற்றிலேயே உள்ளது.

5. எழுப்புதல் பந்தலில் ஒலிக்கும் ‘நான்’

இனி, மைதானங்களிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கும் இன்றைய எழுப்புதல் பாடல்களை நோக்குவோம். இவற்றை இகழ்ந்து ஒதுக்குவது இறையியல் ஆசிரியர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. கடன்பட்டு உறங்க முடியாத குடும்பத் தலைவி, கணவனின் குடியால் நொந்த பெண், வேலையற்ற இளைஞன் ஆகியோர் அங்கே தம் வேதனையை வாய்விட்டுச் சொல்ல இடம் பெறுகின்றனர். நம் முறையான ஆராதனை அவ்விடத்தை அவர்களுக்குத் தரத் தவறியது. அவர்கள் நம்மை விட்டுச் செல்வது உபதேசக் குழப்பத்தினால் மட்டும் என்று எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

எனினும் அப்பாடல்களின் ‘நான்’ சாஸ்திரியாரின் ‘நான்’ அன்று. சாஸ்திரியார் முதலான பழைய பாவலரின் ‘நான்’ தன்னைப் பாவி என்று அறிந்து கடவுள்முன் தாழ்கின்றது. புதிய பாடல்களில் பலவற்றின் ‘நான்’ தான் பெறப்போகும் உயர்வை எண்ணுகின்றது. பகைவர் தலைகுனிவதையும் கடன் தீர்வதையும் எதிர்நோக்குகின்றது. சங்கீதங்களிலும் இத்தகைய வேண்டுதல்கள் உண்டென்பது மெய்யே. ஆனால் சங்கீதக்காரன் சபையின் நடுவே திரும்பி வந்து நிற்கின்றான். இப்பாடல்களிலோ பாடுபவன் பல்லாயிரம் பேர் நடுவிலும் தனியனாகவே நிற்கின்றான். அருகில் நிற்பவன் பெயரை அவன் அறியான். அவனோடு அவனுக்குப் பகையும் இல்லை, பந்தியும் இல்லை. சாதியைப் பற்றிய கேள்வி அங்கே எழுவதில்லை. எழாததால் அது தீர்ந்துவிட்டது என்று கருதப்படுகின்றது. திருமணப் பேச்சு வரும் நாளிலேதான் அது தீரவில்லை என்பது வெளிப்படுகின்றது.

ஜான் வெஸ்லி 1738-இல் தம் உள்ளம் அனல்கொண்ட அனுபவத்தைப் பெற்றார். எழுப்புதல் போதகர் பலரும் அதனை எடுத்துக் கூறுவர். மறு ஆண்டே வெளியிட்ட பாடல் நூலின் முன்னுரையில், சமுதாய உறவிற்கு அப்பாற்பட்ட தனிப்பரிசுத்தத்தை நற்செய்தி அறியாது என்னும் கருத்தை அவர் நிலைநாட்டியதையும், பின்னர்ச் சிறுசிறு வகுப்புகளாக மக்களைச் சேர்த்து ஒருவர் சுமையை ஒருவர் சுமக்கச் செய்ததையும் அத்துணை எடுத்துக் கூறுவதில்லை. அனல் கொண்ட உள்ளம் அடுப்பின்றி நெடுநாள் அனலாயிராது என்று அவர் அறிந்திருந்தார்.

6. வேலிக்கு வெளியே நிற்போர்

தனிவிசுவாசம் பற்றிய எந்த ஆய்வும் சபைப் பதிவேட்டில் பெயரில்லாதவர்களை விட்டுவிடலாகாது. ஹெர்பர்ட் ஹோஃபர் 1991-இல் வெளியிட்ட நூல், ஞானஸ்நானம் பெறாமலே கிறிஸ்துவை வணங்கும் தமிழ் மக்களைப் பற்றியது. அவர்களிற் பலர் சாதி இந்துக் குடும்பத்துப் பெண்கள். வீட்டினுள் ஜெபித்து, வேதம் வாசித்து, சபையில் சேராமல் வாழ்கின்றனர். 1938-இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியவேளையில் செஞ்சையா, சக்கரை முதலானோர் வெளியிட்ட தொகுப்பு நூலும், மேனாட்டு அமைப்பாகிய சபையே கிறிஸ்துவுக்கு வாசலா என்று கேட்டது. இவ்வினாவை எழுப்பியோரின் நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் அவ்வினாவின் சுமை எல்லார்மேலும் ஒரேயளவாய் விழுவதில்லை என்பதையும் கூறவேண்டும்.

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர்க்குரிய உரிமைகளை இந்து சமயத்தார்க்கு மட்டும் வரையறுத்தது. சீக்கியர்க்கு 1956-இலும் பௌத்தர்க்கு 1990-இலும் அது விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவர்க்கு விரிவாக்கப்படவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் இவ்வரம்பை நீக்கப் பரிந்துரைத்தும் அது நீக்கப்படவில்லை. ஆகவே ஒரு தலித் விசுவாசி ‘நான் கிறிஸ்தவன்’ என்று சொல்லுமிடத்து, தன் பிள்ளைகளின் கல்வியுரிமையையும் வேலையுரிமையையும் இழக்கும்படி நேர்கின்றது. உயர்குடிக் கிறிஸ்தவர் எதையும் இழவாமல் அதே வாக்கியத்தைச் சொல்லிவிடுகின்றார். விசுவாசம் சொந்தக் காரியமே என்பவர் இதனைக் கருதட்டும். ஒருவருக்கு இலவசமாயும் மற்றொருவருக்கு விலைக்கும் கிடைக்கும் அறிக்கை இருவருக்கும் சமமான சொந்தக் காரியமாக எவ்வாறு இருக்கும்?

சான்றிதழில் ஒரு பெயரும் ஜெபத்தில் ஒரு பெயரும் கொண்டு வாழும் குடும்பங்களை மேடையினின்று ‘இரட்டை வாழ்வினர்’ என்று கடிந்துரைப்பது எளிது. அவர்களுடைய சுமையைப் பகிர்ந்துகொள்ளாதவருக்கு அக்கண்டனத்துக்கு உரிமையில்லை. சபை ‘நாம்’ என்று மெய்யாகவே சொல்லுமாயின், அவர்கள் இழக்கும் உரிமை சபை முழுவதும் இழக்கும் உரிமையாகும். அதற்கான வழக்கும் சபை முழுவதன் வழக்காகும். தலித் கிறிஸ்தவர் போராட்டத்தைத் தலித் கிறிஸ்தவர் மட்டுமே நடத்தவேண்டியிருக்கும் வரையில், நம் விசுவாச அறிக்கை ‘நாங்கள்’ என்னும் சொல்லைத் தாண்டவில்லை.

7. பிடியரிசி

பக்தியையும் பந்தியையும் இணைக்கும் வழியை எங்கே காண்பது? நம் சபைப் பெண்கள் அதை நெடுங்காலமாக அறிந்துள்ளனர். உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடி எடுத்து, ஜெபித்து, தனிக் கலயத்தில் போட்டு வைக்கும் பிடியரிசிக் காணிக்கை நம் நாட்டுச் சபைகளில் வேரூன்றிய வழக்கமாகும். அதை எடுக்கும்போது அவள் தனியே இருக்கின்றாள். அடுக்களையில் வேறு யாருமில்லை. எத்துணை எடுத்தாள் என்று கணக்குப் பார்ப்பாரில்லை. அது முற்றும் தனிப்பட்ட பக்தி. ஞாயிறன்று அக்கலயங்கள் ஒரே சாக்கில் கொட்டப்படுகின்றன. கொட்டியபின் எந்த அரிசி எந்தத் தெருவினது என்று எவராலும் பிரித்தறிய இயலாது. திருநெல்வேலிச் சபைகளின் அசனப் பண்டிகையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே சமையலை உண்பதும் இதே மரபின் பெருவடிவமாகும்.

இவ்வழக்கமும் தன்னளவில் மீட்பாகிவிடாது. அசனம் உண்டு கைகழுவியபின் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களுக்குப் பிணத்தைச் சுமந்து செல்லும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஆயினும், தனியாள் மனமுவந்து கொடுப்பதும் கொடுத்தது பொதுவாகிவிடுவதும் ஒரே செயலின் இரு பகுதிகள் என்பதை இது நமக்குக் காட்டுகின்றது. முதற்பகுதியைக் கட்டளையால் பெற முடியாது என்பதை 1847-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் விளைவு உணர்த்திற்று. இரண்டாம் பகுதி தானாக நிகழ்ந்துவிடாது என்பதைத் தஞ்சைப் பாவலரின் வாழ்வு உணர்த்திற்று.

1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950-இல் வெளியிட்ட திருவிருந்து முறைமையில், சமாதானத்தைக் கையோடு கைசேர்த்து ஒருவர்க்கொருவர் வழங்கும் பழைய வழக்கத்தை மீண்டும் ஏற்படுத்திற்று. பிற நாட்டுச் சபைகள் பின்னர்ப் போற்றிய இச்சீர்திருத்தம் நம் மண்ணில் பிறந்தது. அது இன்று பலவிடங்களில் விரல்நுனி தொடும் சடங்காகிவிட்டது. விசுவாசத்தின் புத்துயிர்ப்பை நாடும் ஆயர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. புதியதொரு இயக்கத்தைத் தேடிச் செல்லுமுன், கையிலிருக்கும் இவ்வழக்கங்களை அவற்றின் முழுப் பொருளோடு கைக்கொள்வோமாக.

திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகள் விடைகளை மனனம் செய்து ஒப்புவிப்பதோடு நிறுத்தாமல், ‘நீ எதை நம்புகிறாய்?’ என்று ஒவ்வொருவரையும் தனியே கேட்டு, அவர்கள் திக்கித் திணறிச் சொல்வதைப் பொறுமையோடு கேட்போமாக. பாட்டுத் தேர்வில் கீர்த்தனையும் கிராமிய மெட்டும் புதிய பாடலும் ஒரே ஆராதனையில் இடம்பெறச் செய்து, ‘நான்’ என்னும் பாடல்களை ‘நாம்’ என்னும் பாடல்களுக்கு வழிநடத்தும் வகையில் அவற்றை வரிசைப்படுத்துவோமாக. திருவிருந்துக்கு முந்திய வாரத்தில், சேகரத்துக்குள் கல்லறைத் தோட்டமும் கமிட்டித் தேர்தலும் எந்தத் தெருவை விலக்கி வைத்துள்ளன என்பதைச் சபையார்முன் பெயர் சொல்லிப் பேசுவோமாக. இம்மூன்றாவது ஆயருக்குப் பகையைத் தேடித் தரும் என்பதை நாம் அறிவோம். அந்தியோகியாவில் பவுலுக்கும் அது எளிதாயிருக்கவில்லை.

மதுரை மாவட்டத்தில் கிறிஸ்தவர் நூற்றுக்கு மூவர் அளவே என்று 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுகின்றது. இத்துணைச் சிறிய கூட்டத்தார் தம் எண்ணிக்கையால் இந்நாட்டுக்கு எதையும் நிரூபித்துவிட முடியாது. ஒரு தெருவார் மறு தெருவாரோடு ஒரே உலையில் உண்டு, ஒரே நிலத்தில் அடக்கம் பண்ணப்பட்டு, ஒருவர் உரிமைக்காக மற்றவர் நின்று காட்டுவாராயின், அயலார் அதைக் காண்பர். அன்று ‘விசுவாசம் எங்கள் சொந்தக் காரியம்’ என்று நாம் சொல்ல வேண்டியிராது. அவ்விசுவாசம் எத்தகையதென்று அவர்களே நம்மைக் கேட்பர். அக்கேள்விக்கு ஒவ்வொருவரும் தம் வாயாலேயே விடை சொல்ல ஆயத்தமாயிருப்போமாக.